ஆயில் என்ஜினில் 'உஸ்' ஓசை: இடமறிந்து சரி செய்யும் முறை

மேட்டூர் அணை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடப்பட்ட பிறகு, தாளடி நெற்பயிருக்குக் கடைசித் தண்ணீரைப் பல ஊர்களில் ஆயில் என்ஜின்தான் கொடுக்கிறது. மின் இணைப்புக்குக் காத்திருக்கும் கிணறுகளிலும் அதுவே கைகொடுக்கிறது. கதிர் வெளிவந்து பால் பிடிக்கும் சமயத்தில் என்ஜின் நான்கைந்து நாள் படுத்துவிட்டால், பதராகிப் போகும் மணிகளைப் பிறகு எவ்வளவு தண்ணீர் பாய்ச்சினாலும் மீட்க முடியாது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த என்ஜின் முன்னறிவிப்பின்றி நிற்பது அரிது. பெரும்பாலும் அது முன்கூட்டியே ஏதாவது ஓர் அறிகுறி காட்டும். அவற்றுள் ஒன்று, வழக்கமான ஓட்டத்துடன் புதிதாகச் சேர்ந்து கேட்கும் 'உஸ்' அல்லது 'புஸ்' என்னும் ஓசை. இதைக் கேட்டதும் என்ஜினைக் கழற்றிப் பட்டறைக்கு ஏற்றுவது ஒரு தவறு. பொருட்படுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருப்பது அதைவிடப் பெரிய தவறு. ஓசை எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடித்துவிட்டால், பல சமயங்களில் செலவே இல்லாமல் பழுதைச் சரி செய்து விடலாம்.

ஓசை ஏன் உண்டாகிறது?

சைக்கிள் டியூபில் முள் குத்தினால் 'உஸ்' என்று காற்று வெளியேறுவதை எல்லோரும் கேட்டிருக்கிறோம். என்ஜினிலும் அதே கதைதான். அழுத்தத்தில் உள்ள காற்று, புகை, நீராவி, டீசல் இவற்றில் ஏதாவது ஒன்று சிறிய இடுக்கு வழியாக வெளியேறினாலும், வெளிக்காற்று இடுக்கு வழியாக உள்ளே உறிஞ்சப்பட்டாலும் இந்த ஓசை கேட்கும்.

டீசல் என்ஜினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் 16 முதல் 20-ல் ஒரு பங்கு கன அளவுக்கு நெருக்குகிறது. இதையே கம்ப்ரஷன் என்கிறோம். அப்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோ அளவுக்கு அழுத்தம் ஏறுகிறது. காற்றின் வெப்பம் 500 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுகிறது. அந்தச் சூட்டில் டீசல் தூவப்பட்டதும் தானே பற்றிக்கொள்கிறது. நெருக்கப்பட்ட காற்று கசிந்தால் சூடு போதாது. என்ஜின் காலையில் எளிதில் கிளம்பாது, கிளம்பும்போது வெண்புகை தள்ளும், இழுவை குறையும், அதே ஏக்கருக்கு டீசல் கூடுதலாகச் செலவாகும். ஆகவே 'உஸ்' என்பது வெறும் ஓசை அன்று. டீசலுக்குக் கொடுத்த காசு வெளியேறும் ஓசை.

காற்று வடிகட்டியின் வாயில் காற்று உள்ளே போகும் மெல்லிய ஓசை எல்லா என்ஜினிலும் உண்டு. அது பழுதன்று. புதிதாகத் தோன்றிய ஓசையையே தேட வேண்டும்.

முதலில் மூன்று கேள்விகள்

1. ஓசை விட்டு விட்டு வருகிறதா, தொடர்ந்து வருகிறதா? விட்டு விட்டு என்ஜினின் தாளத்தோடு வந்தால் அது சிலிண்டர் அல்லது புகைக்குழாய்க் கசிவு. நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் பழைய மெதுவேக என்ஜினில் வினாடிக்கு ஐந்து தடவை 'புஸ், புஸ்' என்று இது தெளிவாகக் கேட்கும். 1500 சுற்று ஓடும் என்ஜினில் நிமிடத்துக்கு 750 தடவை கம்ப்ரஷன் நடைபெறுவதால் ஓசைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அப்போது வேகத்தைக் குறைத்துக் கேட்க வேண்டும்.

2. என்ஜினை நிறுத்திய பிறகும் ஓசை தொடர்கிறதா? தொடர்ந்தால் அது பெரும்பாலும் நீராவி. என்ஜின் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது.

3. ஓசை என்ஜினிலிருந்து வருகிறதா, பம்பிலிருந்து வருகிறதா? தண்ணீர் குறைந்தோ விட்டு விட்டோ கொட்டினால் பம்பின் உறிஞ்சு குழாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஓடும் என்ஜினில் கேட்பதற்கு ஒரு கெஜ நீள ரப்பர் குழாய் போதும். ஒரு முனையைக் காதருகே வைத்துக்கொண்டு, மறு முனையைச் சந்தேகமான இடங்களில் ஒவ்வொன்றாகக் காட்டினால், கசியும் இடத்தில் ஓசை பலமாகக் கேட்கும். தோள் துண்டை எடுத்து வைத்துவிட்டு, வேட்டியை இறுக மடித்துக் கட்டிக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். பிளைவீலும் பெல்ட்டும் துணியின் நுனி கிடைத்தாலும் ஆளையே இழுத்துவிடும்.

டீசல் குழாயைக் கையால் தடவிப் பார்ப்பது மிகவும் ஆபத்தானது. பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் குழாயில் டீசல் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ அழுத்தத்தில் செல்கிறது. ஊசி போன்ற கசிவு தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். முதலில் முள் குத்தியது போலத்தான் இருக்கும். சில மணி நேரத்தில் கை வீங்கி, விரலையே எடுக்கும் நிலை வரலாம். இவ்வாறு நேர்ந்தால் கை வைத்தியம் பார்க்காமல் உடனே அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கசிவைப் பார்க்க அட்டைத் துண்டைக் காட்டினால் போதும். அட்டையில் டீசல் படியும்.

கையால் சுற்றிப் பார்க்கும் சோதனை

சிலிண்டர் கசிவு என்று தோன்றினால், என்ஜினை நிறுத்தி, ஆறவைத்து, இச்சோதனையைச் செய்யலாம். டீசல் வருவதை முற்றிலும் அடைத்துவிட வேண்டும். ஹாண்டிலைக் கழற்றிவிட வேண்டும். காற்று வடிகட்டியை எடுத்துவிட வேண்டும். டிகம்ப்ரஷன் லீவரை ஓடும் நிலையில் வைத்து, பிளைவீலை அது சுழலும் திசையில் கையால் மெதுவாகத் திருப்ப வேண்டும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஓரிடத்தில் பலமாக எதிர்க்கும். அதுவே கம்ப்ரஷன். அந்த இடத்தில் ஒருவர் பிளைவீலை அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் கேட்க வேண்டும். நல்ல என்ஜினாக இருந்தால் பிளைவீல் ஸ்பிரிங் போலக் கையைத் திருப்பித் தள்ளும். கசிவு இருந்தால் எதிர்ப்பு சட்டென்று இளகி, எங்கோ 'உஸ்' என்னும்.

காற்று உள்ளே போகும் வாயில் கேட்டால் இன்லெட் வால்வு கசிகிறது. புகைக்குழாய் முனையில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு கசிகிறது. எண்ணெய் ஊற்றும் துளையில் கேட்டால் பிஸ்டன் ரிங் வழியாகக் காற்று கீழே இறங்குகிறது. ஹெட்டும் பிளாக்கும் சேரும் இடத்திலோ, நாசிலின் அடியிலோ சந்தேகம் இருந்தால் சோப்பு நுரையைத் தடவ வேண்டும். கசியும் இடத்தில் நுரை குமிழியிடும். தண்ணீர்த் தொட்டியிலோ, ஆறிய ரேடியேட்டரிலோ குமிழி வந்தால் கேஸ்கெட் வழியாகவோ, ஹெட்டில் உள்ள வெடிப்பு வழியாகவோ காற்று தண்ணீருக்குள் போகிறது என்று பொருள்.

வால்வு கசிந்தால்

வால்வு கசிகிறது என்றதும் ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. முதலில் டிகம்ப்ரஷன் லீவரைப் பார்க்க வேண்டும். அது முழுவதும் திரும்பாமல் நின்றாலும், அதன் திருகு அளவு மாறியிருந்தாலும் வால்வு சிறிது திறந்தபடியே இருக்கும். அடுத்து டேப்பட் இடைவெளி. இடைவெளியே இல்லாவிட்டால் சூட்டில் நீளும் வால்வு தன் இருக்கையில் முழுவதும் உட்காராது. என்ஜினுடன் வந்த கையேட்டில் கண்டுள்ள அளவுக்கு, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில், பீலர் கேஜ் தகட்டை வைத்து இடைவெளியைச் சரி செய்ய வேண்டும். இந்த இரண்டு வேலைகளுக்கும் செலவு ஒன்றும் இல்லை.

இவற்றுக்குப் பிறகும் கசிந்தால் வால்வின் முகத்தில் கரி படிந்தோ, குழி விழுந்தோ இருக்கும். ஹெட்டைக் கழற்றி வால்வைத் தேய்த்து அமர்த்த வேண்டும். வேலை சரியாக முடிந்ததா என்று உழவரே பார்க்கலாம். வால்வுகளைப் பொருத்திய ஹெட்டின் துளைகளில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சில நிமிடங்கள் வைத்தால் வால்வு ஓரத்தில் ஈரம் கசியக்கூடாது. டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி என்ஜினை நிறுத்தும் பழக்கம் வால்வுகளைக் கெடுக்கும். டீசலை நிறுத்தித்தான் என்ஜினை நிறுத்த வேண்டும்.

ரிங் தேய்ந்திருந்தால்

எண்ணெய் ஊற்றும் துளையில் மிக மெல்லிய காற்று வருவது இயல்பே. பலமாக ஊதி, புகையும் வந்தால் ரிங்கோ லைனரோ தேய்ந்துவிட்டது எனலாம். நீலப் புகையும் எண்ணெய் குறைவதும் கூடவே காணப்படும். உறுதி செய்துகொள்ள, நாசிலைக் கழற்றி அந்தத் துளை வழியாக ஒரே ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயிலை விட்டு, சில சுற்று சுற்றிவிட்டு, நாசிலைப் பொருத்தி மறுபடியும் சோதிக்க வேண்டும். எதிர்ப்புக் கூடினால் தேய்மானம் ரிங்கில்தான். ஆயிலை அதிகமாக விடக்கூடாது. பிஸ்டன் மேலே வர இடமின்றி என்ஜின் முறிந்துவிடும்.

இது பட்டறை வேலை. ஆனால் ரிங் தேய்வதற்கு முதற்காரணம் வயலில் பறக்கும் தூசி. காற்று வடிகட்டிக் கிண்ணத்தில் எண்ணெயைக் குறியிட்ட அளவுக்கு வைத்து, கோடையில் வாரம் ஒரு முறை சேற்றைக் கழுவி மாற்றினால் ரிங்கின் ஆயுள் நீளும்.

கேஸ்கெட்டும் நாசில் வாஷரும்

ஹெட் ஓரத்தில் குமிழி வந்தால், என்ஜின் ஆறிய நிலையில் நட்டுகளை ஒரே அளவாக இறுக்கிப் பார்க்கலாம். ஒரு நட்டை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக்கூடாது. எதிரெதிர் மூலையாக, மூன்று தடவையாகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் கேஸ்கெட்டை மாற்ற வேண்டும். கழற்றிய பழைய கேஸ்கெட்டை மறுபடியும் போடுவதும், இரண்டு கேஸ்கெட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் போடுவதும் கூடாது. இரண்டு போட்டால் சிலிண்டரில் இடம் கூடிக் கம்ப்ரஷன் குறையும். புதிய கேஸ்கெட் போட்டுச் சிறிது நேரம் ஓட்டியபின், ஆறவிட்டு, நட்டுகளை மீண்டும் ஒரு முறை இறுக்கி, டேப்பட் இடைவெளியையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

நாசிலின் அடியில் செம்பு வாஷர் ஒன்று இருக்கிறது. அங்கே கசிந்தால் சுற்றிலும் கருமையாக ஈரம் படிந்திருக்கும். இருக்கையில் உள்ள கரியைத் துடைத்து, அதே கனமுள்ள புதிய வாஷரைப் போட வேண்டும். இங்கும் பழைய வாஷர் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்க அதன் மேல் புதியதைப் போட்டுவிடுவது உண்டு. நாசில் முனை மேலே ஏறி டீசல் சரியாகத் தூவாது.

கேஸ்கெட் அடிக்கடி போனால்

ஒரே என்ஜினில் கேஸ்கெட் திரும்பத் திரும்பப் போனால் கேஸ்கெட்டில் குறை இல்லை, என்ஜின் சூடேறுகிறது. பல பம்ப்செட்டுகளில் பம்பு இறைக்கும் தண்ணீரில் ஒரு பகுதியே சிறு குழாய் வழியாக என்ஜினைக் குளிர்விக்கிறது. உறிஞ்சு குழாயில் காற்று புகுந்து பம்பு தண்ணீரை விட்டுவிட்டால், வயலுக்குத் தண்ணீர் நிற்பதோடு என்ஜினுக்கும் தண்ணீர் நின்றுவிடுகிறது. ஆள் இல்லாத நேரத்தில் இப்படி ஓடினால் ஹெட் வளைந்து கேஸ்கெட் எரிந்துவிடும். ஆகவே என்ஜினின் 'உஸ்' ஓசைக்கு வித்து பம்பில் இருக்கலாம்.

நீராவி சீறினால் என்ஜினின் சுமையை நீக்கி நிறுத்திவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கொதிக்கும் என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடித்துவிடும். கை வைத்தால் பொறுக்கும் அளவுக்குத் தானே ஆறிய பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

உறிஞ்சு குழாயில் 'உஸ்'

பம்பின் உறிஞ்சு பக்கத்தில் காற்று வெளியே வருவதில்லை, உள்ளே போகிறது. அதனால் தண்ணீர் கசியாது, கண்ணுக்கும் தெரியாது. பம்பு ஓடும்போது பிளேஞ்ச் இணைப்புகளின் அருகே எரியும் ஊதுபத்தியைக் காட்டினால், புகை எந்த இடத்தில் உள்ளே வளைகிறதோ அங்கேதான் இடுக்கு. தற்காலிகமாகப் பிசைந்த களிமண்ணை அப்பிப் பார்க்கலாம். தண்ணீர் சீராகக் கொட்டினால் சந்தேகம் தீர்ந்தது. பிறகு ரப்பர் வாஷரை மாற்றிப் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். கிளாண்டில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். ஒரு சொட்டும் விழாமல் 'உஸ்' என்று கேட்டால் கிளாண்ட் கயிறு காய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது புட்வால்வு தண்ணீரில் நன்கு மூழ்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நீர்மட்டத்துக்கும் பம்புக்கும் உள்ள உயரம் நடைமுறையில் 6 மீட்டருக்குள், அதாவது 20 அடிக்குள் இருந்தால்தான் பம்பு தடையின்றி இழுக்கும்.

புகைக்குழாய்க் கசிவும் கிணற்றில் உள்ள ஆபத்தும்

ஹெட்டுடன் புகைக்குழாய் சேரும் இடத்தில் 'புஸ், புஸ்' என்று கேட்டு, சுற்றிலும் கரி படிந்திருந்தால் அங்குள்ள போல்ட் தளர்ந்திருக்கிறது அல்லது கேஸ்கெட் எரிந்திருக்கிறது. திறந்த வெளியில் இதனால் பெரிய கெடுதல் இல்லை. மூடிய கொட்டகையிலும், கிணற்றுக்குள் படி கட்டி இறக்கி வைத்த என்ஜினிலும் இது உயிருக்கே உலை வைக்கும்.

என்ஜின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு இருக்கிறது. இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. பெட்ரோல், மண்ணெண்ணெய் என்ஜின் புகையில் இது டீசல் புகையைவிட அதிகம். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி என்று தொடங்கி, ஆள் ஏறி வருவதற்குள் நினைவிழக்கச் செய்யும். கிணற்றில் எரியும் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் பிராணவாயு குறைவை மட்டுமே காட்டும். இந்த நச்சு வாயு இருக்கும்போதும் விளக்கு அணையாமல் எரியும். ஆகவே விளக்கை நம்பி இறங்கக்கூடாது.

கிணற்றுக்குள் உள்ள என்ஜினுக்குப் புகைக்குழாய் கிணற்று வாய்க்கு மேலே உயர்ந்து, காற்று வாட்டத்தில் வெளியே திரும்பியிருக்க வேண்டும். அதன் இணைப்புகளை ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் பார்க்க வேண்டும். என்ஜின் ஓடும்போது எவரும் கீழே இருக்கக்கூடாது. நிறுத்திய உடனேயும் இறங்கக்கூடாது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், தூக்கிவிட எண்ணி அடுத்தவர் இறங்குவது இரண்டாவது உயிரையும் பலி கொடுப்பதாகும். தீயணைப்பு நிலையத்துக்கு 101, ஆம்புலன்சுக்கு 108 என்ற எண்களில் உடனே சொல்ல வேண்டும்.

பெட்ரோல் என்ஜினும் காரும்

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் சிறு என்ஜின்களிலும், பெட்ரோல் கார்களிலும் இன்னொரு 'உஸ்' உண்டு. இவற்றில் காற்று போகும் வழியைத் தகடு ஒன்று பாதி மூடியிருப்பதால், அதற்கு அப்பால் வெற்றிடம் உண்டாகிறது. அங்குள்ள ரப்பர் குழாய் வெடித்தாலோ, கார்புரேட்டர் அடிக் கேஸ்கெட் தளர்ந்தாலோ வெளிக்காற்று உள்ளே புகுந்து 'உஸ்' என்னும். மெதுவாக ஓடும்போது வேகம் ஏறி இறங்குவது இதன் அடையாளம். குழாயை மாற்றி, போல்ட்டை இறுக்கினால் தீர்ந்துவிடும். சிறிய டீசல் பம்ப்செட்டில் அத்தகைய தகடு இல்லாததால் இந்தப் பழுதும் இல்லை.

மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியவை

உழவரால் முடியாத வேலைக்கு மெக்கானிக்கை அழைக்கும்போது 'என்ஜின் சரியில்லை' என்று மட்டும் சொன்னால், முழுவதும் பிரித்துப் பார்க்கும் செலவு வந்து சேரும். ஓசை தாளத்தோடு வருகிறதா, எந்த இடத்தில் சோப்பு நுரை குமிழியிட்டது, கையால் சுற்றும்போது எந்தத் துளையில் கேட்டது, புகை என்ன நிறம் என்ற நான்கையும் சொன்னால் வேலை குறையும். தேவையில்லாத சாமான் வாங்கும் செலவும் மிச்சமாகும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் நல்லது. மேலும் விவரம் வேண்டுவோர் அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

டிகம்ப்ரஷன் லீவர், டேப்பட் இடைவெளி, ஹெட் நட்டு, உறிஞ்சு குழாய் இணைப்பு, புகைக்குழாய் போல்ட் ஆகிய ஐந்தையும் இறைப்புத் தொடங்கும் முன் ஒரு நாள் காலையில் பார்த்துவிடலாம். பயிர் தண்ணீருக்கு ஏங்கும் நாளில் என்ஜினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு நிற்கும் நிலை அந்த ஒரு காலை வேலையால் தவிரும்.